ஃபெல்ட் தொப்பி: மடிப்பும் விறைப்பும் வீட்டிலேயே

புதிதாக ஃபெல்ட் தொப்பி (கம்பளியையோ விலங்கு ரோமத்தையோ இறுக்கிச் செய்தது) வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, விளிம்பு தொங்குகிறது. இன்னொன்று, கடையில் அழகாக இருந்தது என் தலையில் ஏறியதும் எடுபடவில்லை. முதல் குறைக்காரர் உடனே விறைப்பேற்றும் திரவத்தைத் தேடிப் போவார். இரண்டாமவர் தொப்பியை அலமாரியில் போட்டுவிடுவார். இரண்டுமே அவசரம். பெரும்பாலான தொப்பிகளுக்குக் கொஞ்சம் நீராவியும், அதன்பின் ஆறும்வரை கைவைக்காத பொறுமையும் போதும். விறைப்பு கடைசி வேலை. அதுவும் எல்லாத் தொப்பிக்கும் தேவைப்படாது.

தொப்பியைத் தன் விருப்பத்துக்கு மடித்துக்கொள்வது புதிய பழக்கம் அல்ல. அமெரிக்காவில் ஜான் ஸ்டெட்சன் 1865இல் கொண்டுவந்த "பாஸ் ஆஃப் தி பிளெய்ன்ஸ்" தொப்பியில் மடிப்பே கிடையாது. உச்சி உருண்டையாக இருக்கும், விளிம்பு தட்டையாக இருக்கும், அவ்வளவுதான். வாங்கிய மாட்டுக்காரர்கள் அவரவர் வசதிக்குக் குழி போட்டு, விளிம்பை வளைத்துக்கொண்டார்கள். இன்று நாம் கௌபாய் தொப்பி என்று அடையாளம் காணும் உருவம் அப்படி உருவானதுதான். இப்போதும் ஸ்டெட்சன், ஆஸ்திரேலியாவின் அகுப்ரா போன்ற நிறுவனங்கள் மடிப்பில்லாத தொப்பிகளை விற்கின்றன. அவற்றை "ஓப்பன் கிரவுன்" என்பார்கள். முதல் தொப்பி வாங்கப் போகிறவருக்கு அதையே சொல்வேன். ஏற்கெனவே இருக்கும் மடிப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதைவிட, வெறும் உச்சியில் தொடங்குவது எளிது.

முதலில் கையில் இருப்பது என்ன?

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுவதால் உண்டாவது. அதனால்தான் மறுபடி சூடும் ஈரமும் பட்டால் இளகுகிறது, ஆறினால் புதிய உருவத்தில் நிற்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுகிறது.

ஃபெல்ட்டில் இரண்டு வகை. ஆட்டுக் கம்பளியில் செய்தது விலை குறைவு, கொஞ்சம் தடிமன், நனைந்தால் சுருங்கும் குணம் அதிகம். முயல், பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) போன்றவற்றின் ரோமத்தில் செய்தது மெல்லியது, வழவழப்பானது, மழையைத் தாங்கும், மடிப்பைக் கூர்மையாகப் பிடித்துக்கொள்ளும். அகுப்ரா தொப்பிகள் முயல் ரோமம். இந்தியக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்கள். பாலியெஸ்டர் என்றால் கீழே சொல்லும் நீராவி வேலை சரிவர நடக்காது. அது நீராவியில் இளகிப் புது உருவம் எடுப்பது குறைவு, சூடு அதிகமானால் பளபளத்துக் கெட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்தோ பழம்பொருள் கடையிலிருந்தோ கிடைத்த மிகப் பழைய ரோமத் தொப்பிக்கு நீராவி காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். தொப்பித் தொழிலாளர்களுக்கு நடுக்கமும் மனக்கோளாறும் வந்தது அதனால்தான். அமெரிக்காவில் 1941இல்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். பழைய தொப்பிகளில் அதன் மிச்சம் இன்னும் இருக்கக்கூடும். அதை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சூடாக்க வேண்டாம்.

தேவையான பொருட்கள்

ஆவி வேண்டும். துணிக்கு ஆவி பிடிக்கும் கையடக்க ஸ்டீமர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூக்குள்ள மின் கெட்டில் போதும். மூடியைத் திறந்து வைத்தால் பல கெட்டில்கள் தானாக அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆனால் ஆவி பரவலாக வரும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இட்லிப் பானையில் முயல்கிறவர்களும் உண்டு. ஆவி எல்லாப் பக்கமும் கிளம்பும், தேவையான இடத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் முதலில் சுடும். பிரஷர் குக்கரில் வெயிட்டை எடுத்துவிட்டு ஆவி பிடிப்பது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மென்மையான ஒரு பிரஷ், பழைய பருத்தித் துண்டு, அளவு நாடா, மெல்லிய பருத்திக் கையுறை. விறைப்பேற்றுவதற்கான பொருட்களைப் பின்னால் சொல்கிறேன், இப்போதே வாங்கி வைக்க வேண்டாம்.

அளவு சரியா என்று பாருங்கள்

உருவம் பிடிப்பதற்கு முன் தொப்பி தலையில் சரியாக உட்கார வேண்டும். காதுக்கு மேலே, நெற்றியின் நடுவே செல்லும்படி நாடாவைச் சுற்றி அளவெடுங்கள். 57 சென்டிமீட்டர் என்றால் அமெரிக்க அளவில் 7 1/8. 58 என்றால் 7 1/4. 59 என்றால் 7 3/8. அரை சென்டிமீட்டர் தளர்வாக இருந்தால் கவலையில்லை, உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்சு நாடாவைச் செருகினால் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாக இருந்தால்தான் சிக்கல். நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்திவிட்டுப் பக்கவாட்டில் இடைவெளி தெரிந்தால், உங்கள் தலை நீள்வட்டமானது, தொப்பி அதைவிட வட்டமானது என்று பொருள். பட்டைக்குப் பின்னால் உள்ள ஃபெல்ட்டுக்கு லேசாக ஆவி காட்டி, தொப்பியை இரு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து நீளவாக்காக்குங்கள். வெதுவெதுப்பு குறைந்ததும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே வேறு வேலையைப் பாருங்கள். மண்டையின் வடிவத்துக்கே அது வந்துவிடும்.

உச்சியில் மடிப்பு

முதலில் முன்பக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வியர்வைப் பட்டையின் உள்ளே சின்ன முடிச்சு ஒன்று இருக்கும், அது பின்பக்கம். ஆண்கள் தொப்பியில் வெளிப்பட்டையின் பெரிய முடிச்சு வழக்கமாக இடது பக்கம் வரும்.

வியர்வைப் பட்டையை வெளியே புரட்டி விடுங்கள். அது தோல். சூட்டில் தோல் சுருங்கினால் தொப்பியையே சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும், அப்புறம் எத்தனை ஆவி காட்டினாலும் அளவு திரும்பாது. புரட்டிய பட்டைமேல் ஆவி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவி வரும் இடத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி உச்சியைப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்துங்கள். என்ன நடக்கிறது என்று விரலால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ரோமம் லேசாக நிமிரும், மேற்பரப்பில் ஈரத்தின் மங்கிய மினுமினுப்பு வரும், நனைந்த கம்பளி வாசனை அடிக்கும். கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டு எடுத்தால், சட்டென்று துள்ளி மேலே வராமல் குழி ஒரு கணம் தயங்கி நிற்கும். அதுதான் வேலை செய்ய வேண்டிய நேரம். அரை நிமிடத்துக்குள் கை ஓட வேண்டும். சொட்டச்சொட்ட நனையும்வரை காத்திருந்தால் ஃபெல்ட் தொளதொளத்து, எந்த உருவத்தையும் பிடிக்காது.

நடுக்குழிக்கு, கையைப் பக்கவாட்டாக வைத்துச் சுண்டுவிரல் ஓரத்தால் உச்சியின் நடுவே பின்னிருந்து முன்னாக அமுக்குங்கள். முதல் முறையிலேயே முழு ஆழம் வேண்டாம். பாதி ஆழம் போட்டு, ஆறவிட்டு, தலையில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். பிறகு மறுபடி ஆவி, இன்னும் கொஞ்சம் ஆழம். ஆழமான குழியை மேலே கொண்டுவருவதும் சாத்தியம்தான், ஆனால் பழைய மடிப்பின் தடம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

குழி பிடித்ததும் முன்பக்கத்தின் இரு கன்னங்களை அமுக்க வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் என்று வைத்து உள்நோக்கி அழுத்துங்கள். நகம் படக்கூடாது. ஈர ஃபெல்ட்டில் நகத்தடம் பதிந்தால் பிறகு பிரஷால் தேய்த்தாலும் போகாது. இரண்டு கன்னங்களும் சமமாக இருக்கின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். நேர் முன்னிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும்.

எந்த மடிப்பு என்பது முகத்தைப் பொறுத்தது. நடுவே ஒரு குழி, இரு பக்கமும் ஒவ்வொரு குழி என்று மூன்று கோடு ஓடும் மாட்டுக்காரர் மடிப்பு நீள முகத்துக்கு ஒத்துவரும், ஏனென்றால் உச்சி உயரமாகத் தெரியாது. முன்னால் குறுகிப் பின்னால் அகலும் கண்ணீர்த்துளி மடிப்பு ஃபெடோராக்களில் (முன்பக்கம் கிள்ளிய மென்மையான தொப்பிகளில்) அதிகம். என் ஓட்டு அதற்குத்தான். கை பழகாதவரின் சிறு கோணலைக்கூட அது மறைத்துவிடும். நான்கு பக்கமும் சமமாக அமுக்கி உச்சியைக் கூர்மையாக்குவது சாரணர் தொப்பியில் பார்த்திருப்பீர்கள். நியூசிலாந்து ராணுவத்தின் தொப்பியும் அந்த வகைதான். மேலே குழி இல்லாததால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். ஆனால் நான்கு குழிகளும் ஒரே அளவில் வர வேண்டும், தொடக்கக்காரருக்கு அது கடினம்.

வட்ட முகம் உள்ளவர்கள் உச்சியை ரொம்பக் குட்டையாக்க வேண்டாம். மடிப்பில்லாத தொப்பியின் உச்சி பொதுவாக 14, 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். குழி போட்ட பிறகு முன்பக்கம் 10 அல்லது 11 சென்டிமீட்டரில் நின்றால் பலருக்கும் சரியாக இருக்கும்.

விரும்பிய உருவம் வந்ததும் கையை எடுக்காதீர்கள். ஃபெல்ட் குளிரும்வரை அப்படியே பிடித்திருங்கள். பிறகு மேசையில் வைத்து, தொடாமல் விட்டுவிடுங்கள். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் முழுதும் உலர ஒரு நாள்கூட ஆகலாம். மின்விசிறிக் காற்று போதும். ஹேர் டிரையர் வேண்டாம்.

விளிம்பு

விளிம்புக்கு ஆவியைக் கீழ்ப்பக்கமிருந்து காட்டுங்கள். மேல்பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும் பக்கம், அதன் ரோமப் போக்கைக் கலைக்க வேண்டாம்.

முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் மேலேறிய விளிம்பு வேண்டுமானால், முன்னால் ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஆவி காட்டி, கட்டைவிரலை மேலே, மற்ற விரல்களைக் கீழே வைத்து மெல்ல இழுத்து இறக்குங்கள். ஒரே இடத்தில் அமுக்கினால் அங்கே முறிந்த மாதிரி கோடு விழும். விரல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரு பக்கமும் சுருண்டு மேலேறும் கௌபாய் பாணிக்கு இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி காட்டி, உள்ளங்கைக்குள் சுருட்டி, ஆறவிட்டு, அடுத்த இடத்துக்குப் போங்கள். இடது பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு வலதுக்குப் போகாதீர்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறிச் செய்தால்தான் இரண்டும் ஒத்து வரும்.

துணிக் கிளிப் போட்டு விளிம்பைச் சுருட்டி நிறுத்தச் சிலர் சொல்வார்கள். கிளிப் கடித்த தடம் நிரந்தரமாக நின்றுவிடும்.

அலை அலையாக நெளிந்துபோன விளிம்பைத் தட்டையாக்க, மேசையில் துண்டு விரித்து, விளிம்பை அதன்மேல் படுக்க வைத்து, ஈரப் பருத்தித் துணியை மேலே போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அமுக்கி அமுக்கி எடுங்கள். தேய்க்கக் கூடாது. துணியில்லாமல் பெட்டி பட்டால் ஃபெல்ட் பளபளத்துக் கருகும்.

விறைப்பு: தேவைப்பட்டால் மட்டும்

உருவம் பிடித்த தொப்பியைச் சில நாள் போட்டுப் பாருங்கள். விளிம்பு தன் இடத்தில் நிற்கிறது என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். நல்ல ஃபெடோரா கையில் எடுத்தால் மெத்தென்றுதான் இருக்கும். விறைப்பாக இருப்பதெல்லாம் தரமானது என்பது தவறான எண்ணம். மலிவான கம்பளித் தொப்பிகளைத்தான் அதிகமாக விறைப்பேற்றி விற்கிறார்கள். அகலமான கௌபாய் விளிம்புக்கும், நாளடைவில் தொய்ந்துபோன பழைய தொப்பிக்கும்தான் விறைப்பு உண்மையில் தேவை.

தொப்பிக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியது அரக்கு. பலாச மரத்திலும் குசும் மரத்திலும் வாழும் அரக்குப் பூச்சி சுரப்பது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து இன்றும் வருகிறது. லண்டனில் 1849இல் எட்வர்ட் கோக் என்பவருக்காக லாக் என்ற தொப்பிக் கடை செய்வித்துக் கொடுத்த பௌலர் தொப்பி (உருண்டை உச்சியுள்ள கெட்டித் தொப்பி) இந்த அரக்கில் விறைத்ததுதான். அவர் அதைக் கீழே போட்டு மிதித்துப் பார்த்து, நசுங்கவில்லை என்றதும் வாங்கிக்கொண்டார் என்பார்கள். நமக்கு அவ்வளவு விறைப்பு வேண்டாம். வேட்டிக்குக் கஞ்சி போடுவதைப் போலத்தான் இதுவும், கொஞ்சம் கூடினாலும் மொடமொடவென்று ஆகிவிடும்.

அரக்கின் சிறப்பு இதுதான்: ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். ஆகவே விறைப்பேற்றிய பிறகும் ஆவி காட்டி உருவத்தை மாற்றலாம். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் அப்படி மாற்ற வராது. காய்ந்ததும் தோல் மாதிரி ஒரு படலமும் நிற்கும். பள்ளி நாடகத்துக்கான தொப்பி என்றால் பரவாயில்லை, நல்ல தொப்பியில் வேண்டாம்.

மர பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் இந்த அரக்கு ஷெல்லாக் செதில்கள் என்ற பெயரில் கிடைக்கும். கரைக்க ஸ்பிரிட் தேவை. தமிழ்நாட்டில் டினேச்சர்டு ஸ்பிரிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு, எல்லாக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் ஷெல்லாக் கரையும், கொஞ்சம் மெதுவாக. கைகழுவும் சானிடைசரோ 70 சதவீதமோ உதவாது, அதிலுள்ள தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். வெளிர்நிறத் தொப்பிக்கு வெளுத்த ஷெல்லாக்கைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஆரஞ்சு நிற அரக்கு வெள்ளை ஃபெல்ட்டில் மஞ்சள் கறையாகத் தெரியும்.

லேசான விறைப்புக்கு 200 மில்லி ஸ்பிரிட்டில் 12 முதல் 15 கிராம் செதில். கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, அவ்வப்போது குலுக்கி, இரவு முழுதும் விடுங்கள். பழைய மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம், கரைசல் கறுத்துவிடும். முன்பே கரைத்து வைத்தது இருந்தால் ஒரு துளியைக் கண்ணாடிமேல் விட்டுப் பாருங்கள். காய்ந்து கெட்டியானால் நல்லது. மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள், அது தொப்பியிலும் அப்படியேதான் இருக்கும்.

இதில் விளையாட்டு வேண்டாம்: ஸ்பிரிட்டின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்படியில் செய்யாதீர்கள். விளக்கேற்றிய பூஜையறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஜன்னல் திறந்த அறையில் அல்லது மொட்டை மாடி நிழலில், கையுறை போட்டுச் செய்யுங்கள். பூசிய தொப்பி முற்றும் காய்ந்து வாசனை போன பிறகுதான் ஆவி வேலை.

பூசுவது இப்படி. தொப்பியைக் கவிழ்த்து வைத்து, விளிம்பின் அடிப்பக்கத்தில் பிரஷாலோ சின்ன ஸ்ப்ரேயாலோ மெல்லிய ஒரு பூச்சு. மேல்பக்கம் ஈரம் தெரியும் அளவுக்கு நனையக்கூடாது. வியர்வைப் பட்டையிலும் ரிப்பனிலும் படாமல் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஒரு துளி விட்டு, காய்ந்தபின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு நாள் காயவிட்டு, விரலால் சுண்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. உச்சியும் தொய்வாக இருந்தால் உள்பக்கம் மட்டும், அதுவும் ஒரே பூச்சு.

கூடிவிட்டதா? ஸ்பிரிட் நனைத்த துணியால் அடிப்பக்கத்தை ஒற்றி எடுத்தால் கொஞ்சம் கரைந்து வரும். வெள்ளைப் பூப்பும் அப்படியே போய்விடும். இல்லாவிட்டால் ஆவி காட்டிக் கையால் பிசைந்து இளக்கலாம். காய்ந்த பிறகு விளிம்புக்கு மறுபடி லேசாக ஆவி காட்டி, முன்பு பிடித்த உருவத்தை மீண்டும் பிடித்து ஆறவிடுங்கள். இப்போது அரக்கு அந்த வளைவிலேயே இறுகும்.

ஹேர் ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு வாரம் நிற்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாம்.

போட்டுக்கொள்ளத் தொடங்கிய பிறகு

தொப்பியை எடுக்கும்போது உச்சியின் கன்னத்தைக் கிள்ளி எடுக்காதீர்கள். அங்கேதான் ஃபெல்ட் முதலில் தேய்ந்து ஓட்டை விழும். விளிம்பின் முன்னும் பின்னும் பிடியுங்கள். கீழே வைக்கும்போது கவிழ்க்காமல், உச்சி தரையில் படும்படி மல்லாக்க வையுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு பாடுபட்டு வளைத்த விளிம்பு தட்டையாகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளிருக்கும் சூட்டில் வியர்வைப் பட்டை சுருங்கும், அரக்கும் தளரலாம்.

மழையில் நனைந்தால் உதறிவிட்டு, வியர்வைப் பட்டையை வெளியே புரட்டி, அந்தப் பட்டையின்மேலேயே தொப்பியை நிற்க வைத்து உலர்த்துங்கள். ஈரம் காய்வதற்குள் மடிப்புகளைக் கையால் திருத்திவிட்டால் தனியாக ஆவி காட்டும் வேலை மிச்சம். தூசிக்குப் பிரஷ் போதும், ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே துடையுங்கள். வழக்கமாக அது மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை.

வீட்டில் ஆகாத வேலைகளும் உண்டு. சுருங்கிப்போன தொப்பியை ஒரு முழு அளவு பெரிதாக்குவது, விளிம்பை வெட்டிக் குறுக்குவது, குவிந்த உச்சியை நேராக நிமிர்த்துவது, இவற்றுக்கு மர அச்சு வேண்டும். அச்சு இல்லாமல் கையால் இழுத்தால் ஒரு பக்கம் மெலிந்து போகும். அந்த நிலையில் தொப்பி செய்கிறவரிடம் கொடுத்துவிடுவதுதான் மலிவு.